கடைசியில் கிளம்ப வேண்டியவன்

பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலை. துணைமின் நிலையப் பராமரிப்பு என்று மாதம் ஒரு நாள் காலை 9 மணியிலிருந்து மாலை வரை அங்கே கரண்ட் இருக்காது. மறுநாள் விடிந்ததும் எனக்கு போன் வந்துவிடும். "ஏனுங்க தம்பி, சர்வரு ஊர்ந்துட்டுக் கெடக்குதுங்க. கேட்ல லாரி நிக்குது, பில்லு வர மாட்டேங்குது." எலக்ட்ரிகல் போர்மேன் அண்ணன்தான் அங்கே கம்ப்யூட்டருக்கும் பொறுப்பு. இது 2016-ல்.

போய்ப் பார்த்தால் ஒரே தரவை இரண்டு டிஸ்கிலும் எழுதும் மிரர், முதல் பிளாக்கிலிருந்து மறுபடி ஒத்திசைந்துகொண்டிருக்கும். 2 டெராபைட் முடிய ஐந்து மணி நேரமாவது ஆகும். ஆனால் சில மாதங்களில் ஒத்திசைவே நடக்காது. சர்வர் வேகமாகவே ஓடும். அந்த மாதங்களில் எடைமேடைக் கோப்பின் கடைசி வரிகள் சில காணாமல் போயிருக்கும். இரண்டும் ஒரே நோய் என்று புரிய எனக்கு நான்கு மாதம் ஆயிற்று.

சர்வரைத் தொடங்குவதில் ஒரு முடிச்சு இருக்கிறது. இயங்குதளம் முழுவதும் டிஸ்கில்தான் இருக்கிறது. அந்த டிஸ்கைத் திறந்து பராமரிக்க ஒரு பின்னணி ஆள், அதாவது ஒரு டீமன், வேண்டுமென்றால் அந்த ஆளும் டிஸ்குக்குள்தானே படுத்திருக்கிறான்? அதனால்தான் லினக்ஸ் கெர்னல் முதலில் நினைவகத்தில் ஒரு சின்னக் கூடாரம் போடுகிறது. இனிட்ராம்எப்எஸ் என்று பெயர். டீமன் அந்தக் கூடாரத்தில் எழுந்து, டிஸ்கைத் திறந்துவிடுகிறான். இயங்குதளம் வீட்டுக்குள் குடிபோன பிறகு கூடாரத்தைப் பிரித்துவிடுவார்கள். ஆள் மட்டும் நினைவகத்திலேயே நிற்பான்.

அந்த மில்லில் இருந்தது இன்டெல் பலகையோடு வரும் மிரர். சாதாரண லினக்ஸ் மிரரில், அதன் நிலையைப் பதியும் குறிப்பேட்டைக் கெர்னலே எழுதிக்கொள்ளும். இன்டெல் மிரரில் எழுதாது. எம்டிமான் என்ற டீமன்தான் எழுத வேண்டும். எழுத்து ஏதும் வராமல் கொஞ்ச நேரம் கழிந்தால் கெர்னல் மிரரைச் 'சுத்தம்' என்ற நிலைக்குக் கொண்டுவரும். டிஸ்கில் அதைப் பதிவது எம்டிமான். அடுத்த எழுத்து வரும்போது கெர்னல் அதை வாசலிலேயே நிறுத்திவைத்துக் காத்திருக்கும். எம்டிமான் 'வேலை நடக்கிறது' என்று பதிந்த பிறகே உள்ளே விடும். இந்த வேலைக்காகவே எம்டிமான் தன் நினைவகப் பக்கங்களை எல்லாம் பூட்டி வைத்துக்கொள்கிறது. தான் காவல் காக்கும் டிஸ்கிடமே தன் பக்கத்தைக் கேட்டு நிற்கும் நிலை வந்தால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி உறைந்துவிடும் அல்லவா? எழுதியவர்களின் இந்த முன்யோசனை மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

தப்பு என்னுடையது. 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்து மில்களைப் பெருக்கிய இந்தக் கோவை வட்டாரத்தில், 2012-ல் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். யூபிஎஸ் பேட்டரி சாவதற்குள் சர்வரை எப்படியாவது அணைத்தாக வேண்டும். அப்போது ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன்: ஓடுகிற எல்லா பிராசஸையும் ஒரே அடியில் கொல், டிஸ்கில் எழுத வேண்டியதை எழுது, பவரை அணை. அன்றைய சர்வர்களில் சாதாரண மிரர். ஒரு குறையும் வரவில்லை. புது சர்வர் வந்தபோது அதே ஸ்கிரிப்டை அப்படியே தூக்கி வைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போர்மேன் அண்ணனை உடன் வைத்துக்கொண்டு யூபிஎஸ்ஸின் உள்வரும் ஒயரைப் பிடுங்கினேன். மிரரின் நிலையை வினாடிக்கு ஒருமுறை திரையில் காட்டும்படி ஸ்கிரிப்டில் முன்பே ஒரு வரி சேர்த்திருந்தேன். பேட்டரி இறங்கியது. கொல்லும் வரி ஓடியது. திரையில் 'கிளீன்'. எழுதும் கட்டளை போனது. அடுத்த வினாடி 'ரைட் பெண்டிங்'. அதற்கடுத்த வினாடியும் அதே. பேட்டரி ஓயும் வரை அந்த இரண்டு சொல் மாறவே இல்லை. எடைச்சீட்டு வரிகள் வாசலில் நின்றன. உள்ளே விடுகிற ஆளை நான் கொன்றிருந்தேன். சுத்தம் என்று பதிந்திருந்த நேரத்தில் அடி விழுந்தால் வரிகள் தொலைந்தன. வேலை நடக்கும்போது விழுந்தால், 'சுத்தம்' என்று மாற்றி எழுத ஆளில்லாமல் மறுநாள் முழு ஒத்திசைவு.

போர்மேன் அண்ணன் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ப்ளோ ரூம்ல மிஷினை நிறுத்தறதுக்கு முன்னால பேனை நிறுத்துனா என்னாகும்? குழாய்ல பஞ்சு அடைச்சுக்கும். பேன்தானுங்க முதல்ல ஓடோணும், கடைசில நிக்கோணும்." இதைவிடத் தெளிவாக நான் யாருக்கும் இதுவரை விளக்கியதில்லை.

லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி இதை முறையாகவே செய்கிறது. அணைக்கும்போது கடைசியில் எல்லா பிராசஸுக்கும் முதலில் விடைபெறச் சொல்லும் சமிக்ஞை, பிறகு கொல்லும் சமிக்ஞை. ஆனால் ரூட் உரிமையோடு ஓடும் ஒரு பிராசஸின் பெயர் @ குறியில் தொடங்கினால் அதைத் தொடாது. கூடாரத்தில் எழுந்த எம்டிமான் தன் பெயரின் முதல் சாய்கோட்டை அழித்து அங்கே @ போட்டுக்கொள்வது இதற்குத்தான். பிராசஸ் பட்டியலில் அந்தக் குறியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நிம்மதியாக இருக்கும். 2023 டிசம்பரில் வந்த 255-ம் பதிப்பில் இதையே சர்வீஸ் கோப்பில் ஒரு வரியாக எழுதும் வசதி வந்தது.

அதோடு முடியவில்லை. மூல டிஸ்கைக் கழற்ற வேண்டும். அணைக்கிற நிரலே அதன் மேல் உட்கார்ந்திருந்தால் எப்படிக் கழற்றுவது? நுனிக்கொம்பில் உட்கார்ந்து அடிக்கொம்பை வெட்டும் கதைதான். அதனால் தொடங்கும்போது பிரித்த கூடாரத்தை நினைவகத்தில் மறுபடி விரித்து, அதற்குள் குடிபெயர்ந்து, டிஸ்கைக் கழற்றி, 'சுத்தம்' என்று பதிந்த பிறகே டீமனுக்கு விடை. நெட்வொர்க் வழியே வரும் ஐஸ்கஸி டிஸ்குக்கும் வரிசை இதுதான். அங்கே நெட்வொர்க்கும் கடைசி வரை உயிரோடு இருக்க வேண்டும். அதை மறந்து நெட்வொர்க்கை முதலில் இறக்கினால் சர்வர் அணையாமல் தொங்கும்.

பழைய ஸ்கிரிப்டை அழித்தேன். பேட்டரி பாதி இருக்கும்போதே சிஸ்டம்டியிடம் அணைக்கச் சொல்லும்படி மாற்றினேன். ஒரு சர்வீஸ் நிற்க அது வழக்கமாக 90 வினாடி வரை காத்திருக்கும். அந்தக் கணக்கைப் போட்டுத்தான் பேட்டரி அளவை வைத்தேன். கூடாரம் விரிகிறதா என்பதையும் பார்க்க வேண்டியிருந்தது. அணைப்பின் கடைசி வரிகள் எந்த லாகிலும் இருக்காது, எழுத டிஸ்கே இல்லாத நேரம் அது. மொபைலைத் திரைக்கு நேரே பிடித்து வீடியோ எடுப்பேன், வீட்டில் ஒவ்வொரு பிரேமாக நிறுத்திப் படிப்பேன்.

அடுத்த பராமரிப்பு நாள் கழிந்த காலையில் நானே போன் போட்டேன். "வேகமாத்தான் ஓடுதுங்க தம்பி," என்றார் அண்ணன். எடைமேடைக் கோப்பின் கடைசி வரியை வாசிக்கச் சொன்னேன். முந்தின நாள் கரண்ட் போன பிறகு, யூபிஎஸ்ஸில் ஓடும்போது எடை போட்ட லோடு. வண்டி நம்பரோடு வாசித்தார்.