முப்பது வீதப் பெருவிரல்

1961ஆம் ஆண்டிலே எமது கல்லூரி விடுதியில், வெல்லாவெளியிலிருந்து வந்த நண்பன் ஒருவனுடன் யாம் ஓரறையில் வாழ்ந்தோம். விடுமுறை வந்ததும் குருமண்வெளித் துறையிலே 'பாதை' ஏறி, வாவி கடந்து, மண்டூர் வழியாக அவன் இல்லம் செல்லுதல் எமக்கு வழக்கமாயிற்று. அவனுடைய பெரியப்பா இரண்டாம் உலகப் போரிலே ஆங்கிலேயப் படையிற் பணிபுரிந்து வலக்கைப் பெருவிரலை இழந்தவர். அதன் பொருட்டு அவருக்குக் கடல் கடந்து உபகாரச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. அவர் கையை விரித்துக் காட்டி, "தம்பிமாரே, இதற்கு விலை நூற்றுக்கு முப்பது" என்று நகைப்பார்.

அது வெறும் நகையன்று. 2005க்கு முற்பட்ட சேவைக்கு இன்றும் வழங்கும் பிரித்தானியப் பட்டியலிலே ஒரு கை 60 வீதம், ஒரு கண் 40, பெருவிரல் 30, சுட்டுவிரல் 14. முழங்காலின் கீழ்க் காலை இழந்தவனுக்கு எஞ்சிய பகுதி 9 சென்றிமீற்றரைத் தாண்டாவிடின் 60 வீதம். 13ஐத் தாண்டின் 40. ஊனம் 20 வீதத்திற்குக் குறைந்தால் பெரும்பாலும் ஒருமுறைத் தொகையே கிடைக்கும். அதற்கு மேற்பட்டால் உபகாரம் தொடர்ந்து வரும். பெரியப்பா வாயிலாகக் கேட்ட எண்களைக்கொண்டு எமது உறுப்புக்களை விடுதியிலே கூட்டிப் பார்த்து, தொகை நூற்றை மிஞ்சக் கண்டு சிரித்தோம். கணக்கு ஆசிரியர் மட்டும் சிரிக்கவில்லை.

அண்மையில் மண்டூர் முருகன் திருவிழாவுக்குச் சென்ற யாம், அப்பழைய வீட்டுக்கும் சென்றோம். சிறுபோக அறுவடைக் காலம். நண்பனின் தங்கை மகன் வட்டையிலிருந்து திரும்பி, திண்ணையில் அமர்ந்து செயற்கைக் காலைக் கழற்றிச் சேறு கழுவினான். 2009இல் முடிந்த போரிலே அரசுக்கு எதிரணியில் நின்று ஒரு காலை இழந்தவன் அவன். "அந்த விரலுக்கு முப்பது என்றால், மாமா, இந்தக் காலுக்கு எத்தனை?" என்று கேட்டான். எம்மிடம் விடை இருக்கவில்லை.

படையிலும் பொலிசிலும் ஊனமுற்றோர் நலன் கருதி, 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தால் ரணவிரு சேவை அதிகாரசபை நிறுவப்பட்டது. அது தக்கதே; தென்னிலங்கைத் தாய்மாரின் துயரும் துயரே. ஆனால் மறுபக்கம் நின்றவனை அளக்க வைத்தியசபையுமில்லை, வீதமுமில்லை. வலுவிழந்த வறியோர்க்கு அரசு வழங்கும் மாதக் கொடுப்பனவை, ஏனைய வறியோருடன் அவனும் கேட்டு நிற்றல் வேண்டும். 2018இன் 34ஆம் இலக்கச் சட்டத்தால் இழப்பீட்டுக்கான அலுவலகம் தோன்றியதுண்டு. எனினும் மாதந்தோறும் வரும் உபகாரத்துக்கு அது ஈடாகாது.

இது எம் நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தபின், நடுவண் அரசு வென்ற பக்கத்தார்க்கே உபகாரம் வழங்கியது. தோற்ற தென்மாநிலங்கள் தம்மவரைத் தாமே பேணின. 1958இலேதான் தோற்ற பக்கத்தவர்க்கும் அவர்தம் விதவையர்க்கும் நடுவண் அரசு அவ்வுரிமையை விரித்தது. அதற்குள் 93 ஆண்டுகள் கழிந்துவிட்டன. பெற்றுக்கொள்ள வேண்டியவருட் பெரும்பாலார் மண்ணாகிவிட்டனர். படுவான்கரை அத்துணைக் காலம் காத்திருக்க வேண்டுமோ?

விடைபெறும்போது, "உனக்கு யாது வேண்டும்?" என்று வினவினோம். "வீதம் வேண்டாம் மாமா. சேற்றிலே புதையாத கால் ஒன்று வேண்டும், இது தேய்ந்துவிட்டது" என்றான். வெறுங்காலோடு வயலில் நடக்கவும் குந்தியிருக்கவும் ஏற்ற செயற்கைக் கால் 1968இலேயே இந்தியாவின் ஜெய்ப்பூரில் ஆக்கப்பட்டது. அதனைச் செய்து பொருத்தும் கலை இலங்கைக்கும் புதிதன்று.

சட்டத்தை மாற்றுதல் காலம் எடுக்கும் காரியம். அதற்கும் குரல் கொடுப்போம். அதுவரை, எம் பழைய மாணவருள் வைத்தியரும் பொறியியலாளரும் பலர் உளர். விழா நிதியில் எஞ்சுவதைக்கொண்டு, எப்பக்கம் நின்றாய் என்று வினவாது, வாவியின் இருகரையிலும் கால் இழந்தோரைச் சங்கம் தேடிச் செல்லுமாயின், முதற் பங்கை யாம் தருவோம்.