வேறு நிறச் சட்டை



தியானப் பகுதி: லூக்கா 22:54-62, யோவான் 21:9-13

சில ஆண்டுகளுக்கு முன் நம் சபையின் வாலிபர் பன்னிரண்டு பேருடன் வேனில் சென்னைக்குச் சென்றேன். ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கில் சென்னையின் எஃப்.சி. அணிக்கும் கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்கும் கால்பந்துப் போட்டி. கொச்சியில் வேலை பார்க்கும் என் தமக்கை மகன் ரயிலில் வந்து எங்களோடு சேர்ந்துகொண்டான். தமிழ்ப் பிள்ளைதான், ஆனால் பிழைக்கப் போன ஊரின் அணியை மனதார நேசிக்கிறவன். வெளியூர் ரசிகர்களுக்கென ஒதுக்கிய பகுதியில் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. ஆகவே சென்னை ரசிகர்களின் நீலச் சட்டைகளுக்கு நடுவே, எங்களோடு உட்கார வேண்டியதாயிற்று.

வாசலிலேயே அவன் என்னைத் தனியே அழைத்து, "மாமா, மஞ்சள் சட்டைக்கு மேலே இன்னொரு சட்டை போட்டுக்கொள்கிறேன்" என்றான். அந்த வெயிலில் கழுத்துப் பொத்தான் வரை பூட்டிக்கொண்டான்.

கால்பந்தில் இந்தப் பிரிவினை வெறும் சம்பிரதாயம் அல்ல. இங்கிலாந்தில் வெளியூர் அணியின் ரசிகர்களுக்குத் தனி வாசல், தனிப் பகுதி, நடுவே காவலர் வரிசை. உள்ளூர் ரசிகர்களின் பகுதியில் எதிரணியின் சட்டையோடு காணப்படுகிறவரை வெளியேற்றலாம் என்பது அங்கே வழக்கமான விதி. இதற்குப் பின்னால் இரத்தம் தோய்ந்த வரலாறு உண்டு. 1985 மே 29 அன்று பிரஸ்ஸல்ஸ் நகரின் ஹெய்சல் மைதானத்தில் லிவர்பூலும் இத்தாலியின் யுவென்டஸும் ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டியில் மோதவிருந்தன. லிவர்பூல் ரசிகர்களை அடுத்திருந்த 'இசட்' பகுதி பொதுவானவர்களுக்கென வைக்கப்பட்டிருந்தது. ஆனால் அதன் சீட்டுகள் பல யுவென்டஸ் ரசிகர்களின் கைக்குப் போயிருந்தன. இரு கூட்டத்துக்கும் நடுவே பலவீனமான வேலி மட்டுமே. லிவர்பூல் ரசிகர்கள் அதைத் தாண்டிப் பாய்ந்தார்கள். நெரிசலில் சுவர் இடிந்தது. 39 பேர் மாண்டார்கள்.

சென்னையில் அன்று அப்படி எந்த அபாயமும் இல்லை. ஆயினும் என் மருமகன் அஞ்சினான். கேரள அணி கோல் அடித்தபோது எதிர்ப்பக்கம் மஞ்சள் கூட்டம் துள்ளியது. எங்கள் பக்கம் மௌனம். அவன் அசையவில்லை. முழங்கால்களுக்கிடையே கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். சிறிது நேரத்தில் சென்னை அணி கோல் அடித்தபோது எல்லாரோடும் எழுந்து நின்று கைதட்டினான். அந்தக் கைதட்டலைக் காண எனக்கு வருத்தமாயிருந்தது.

அங்கே வேடிக்கை ஒன்றும் நடந்தது. எங்களோடு கல்வராயன் மலையைச் சேர்ந்த வாலிபர் ஒருவர் வந்திருந்தார். அவர் பேச்சின் சாயலைக் கேட்ட முன்வரிசைக்காரர், "தம்பிக்கு எந்த ஊர்?" என்று கேட்டார். "மலைங்க. நாங்க மலையாளிங்க" என்றார் நம் வாலிபர். உடனே நான்கைந்து தலைகள் திரும்பின. "கேரளாவா? இங்கே ஏன் உட்கார்ந்திருக்கீங்க?" கல்வராயன் மலையின் பழங்குடி மக்களுக்கு மலையாளி என்று பெயர் என்பதையும், அவர்கள் தாய்மொழி தமிழே என்பதையும், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறினார்கள் என்று அவர்களுடைய பெரியவர்கள் சொல்லுவதையும் நான் எடுத்துச் சொன்ன பிறகே தலைகள் திரும்பின. மெய்யான கொச்சி ரசிகனோ, இரண்டு இருக்கை தள்ளி, பொத்தான்களைப் பூட்டியபடி உட்கார்ந்திருந்தான்.

அடுத்த ஞாயிறு பிரசங்கத்துக்கு எனக்குப் பொருள் கிடைத்துவிட்டது. பிரதான ஆசாரியனின் முற்றத்தில் பேதுரு உட்கார்ந்திருந்ததும் இப்படித்தானே? குளிர் இரவு, நடுவே நெருப்பு, சுற்றிலும் எதிர்த்தரப்பின் ஊழியக்காரர். அவரும் அவர்களில் ஒருவரைப்போல் குளிர்காய்ந்தார். கலிலேயப் பேச்சு அவரைக் காட்டிக்கொடுத்தது என்று மத்தேயு எழுதுகிறார். மூன்று முறை மறுதலித்தார். "உன் சட்டையை மறைக்காதே" என்று பிரசங்கிக்கலாம் என்று வேனிலேயே குறிப்பு எழுதத் தொடங்கினேன்.

உளுந்தூர்ப்பேட்டையில் தேநீருக்காக வேன் நின்றது. மலையிலிருந்து வந்த அந்த வாலிபர் என் அருகே வந்து நின்றார். "ஐயா, உங்க மருமகன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். நானும் நம்ம கோயில்ல அப்படித்தான் உட்கார்ந்திருக்கேன்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவரே மெதுவாய்ச் சொன்னார். சபைக்கு வந்த புதிதில் ஒரு ஞாயிறு அவரை வேதபாடம் வாசிக்க அழைத்திருந்தோம். அவருடைய உச்சரிப்பைக் கேட்டுச் சில பிள்ளைகள் சிரித்தார்கள். நானும், பிள்ளைகளைக் கண்டிப்பதை விட்டு, பீடத்தில் நின்றபடியே அவருடைய இரண்டு சொற்களைத் திருத்தினேன். எனக்கு அது நினைவிலேயே இல்லை. அவருக்கோ அந்த இரண்டு சொற்களும் அப்படியே நினைவிருந்தன. அன்றுமுதல் அவர் வாசலருகே கடைசிப் பலகையில் உட்காருகிறார். சத்தமாய் ஜெபிப்பதில்லை. பாட்டு மட்டும் பாடுவார். பாட்டில் எல்லாருடைய பேச்சும் ஒன்றாகிவிடுகிறதல்லவா?

நான் என்னைப் பேதுருவின் பக்கத்தில் வைத்துக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தக் கதையில் என் இடம் நெருப்பைச் சுற்றி நின்றவர்களுக்குள் இருந்தது. பேச்சைக் கேட்டு ஆளைப் பிரித்தவர்கள் அவர்களே. தேநீர்க் கடையில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்து, "விடுங்க ஐயா" என்றார். பலமுறை வாசிக்க அழைத்தேன். ஒவ்வொரு முறையும் பணிவாய் மறுத்தார். மறு ஆண்டு வேலைக்காகத் திருப்பூருக்குப் போய்விட்டார். போகிறவரை வாசிக்கவில்லை.

பிரியமானவர்களே, பேதுரு தம் ஆண்டவரை மறுதலித்தது தவறு. அதற்காக அவர் மனங்கசந்து அழுதார். ஆனால் ஒருவன் தன் சட்டையை மறைக்கும்போது அவனுக்கு மட்டும் பிரசங்கம் செய்துவிட்டு, அவனை மறைக்கப் பண்ணின கூட்டத்தை விட்டுவிடுவது நியாயமல்ல. கூட்டம் வேறுவிதமாகவும் நடந்துகொள்ளக்கூடும். 1999 ஜனவரி 31 அன்று சேப்பாக்கத்தில் பாகிஸ்தான் 12 ரன் வித்தியாசத்தில் இந்தியாவை வென்றது. நெஞ்சு உடைந்திருந்த சென்னை மக்கள் எழுந்து நின்று கைதட்ட, வென்ற அணி மைதானத்தைச் சுற்றி வந்தது. அன்று எவரும் அவர்களைத் தங்கள் நிறத்தை மறைக்கச் சொல்லவில்லை.

யோவான் தம் சுவிசேஷத்தில் கரிநெருப்பை இரண்டு இடங்களில் குறிப்பிடுகிறார். ஒன்று முற்றத்தில், மற்றொன்று, உயிர்த்தெழுந்த ஆண்டவர் கடற்கரையில் மூட்டியது. இரண்டிலும் பேதுரு இருந்தார். அதே கலிலேயப் பேச்சுதான் பேசினார். கடற்கரையில் ஆண்டவர் அவரை முதலில் சாப்பிட அழைத்தார். விசாரணை அதன் பின்னரே வந்தது. அதுவும் அன்பைக் குறித்த விசாரணை.

சென்ற மாதம் முதல் மலையிலிருந்து இரண்டு குடும்பங்கள் நம் ஆராதனைக்கு வருகின்றன. கடைசிப் பலகையில், வாசலருகே உட்காருகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். வரும் ஞாயிறு, அவர்களை முன்னே வரும்படி அழைப்பதற்கு முன், நம்மில் சிலர் அவர்களருகே போய் உட்காருவோம். அவர்கள் பேசும்போது திருத்தாமல் கேட்போம். முதலில் நான் அப்படிச் செய்ய வேண்டும்.

ஜெபம்: ஆண்டவரே, எங்கள் சபை முற்றத்து நெருப்பாய் அல்ல, நீர் கரையில் மூட்டிய நெருப்பாய் இருக்கச் செய்யும். என் நாவினால் ஒரு வாலிபனை மௌனமாக்கினேன், எனக்கு மன்னியும். திருப்பூரில் இருக்கும் அவனுடைய வாயை நீரே திறந்தருளும். ஆமென்.