நாற்பது விநாடி

கவிஞரான பெரியவர் ஒருவரோடு 2006ல் நான் பேசிப் பதிவு செய்த அறுபது நிமிஷக் காஸெட் ஒன்று என்னிடம் இருக்கிறது. அப்போது பி.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தேன். டேப் ரிகார்டர் இரவல். அதில் மூன்று இலக்க எண்காட்டி ஒன்று உண்டு. அது காட்டுவது காலத்தை அல்ல, சக்கரம் சுற்றிய கணக்கை. நாடா சேரச் சேர ஒரு சுற்றுக்குப் பிடிக்கும் நேரமும் கூடிக்கொண்டே போகும். நோட்டில் ‘214 – படிமம்’ என்று குறித்திருப்பேன். வேறொரு டேப் ரிகார்டரில் 214ல் பெரியவர் இருமிக்கொண்டிருப்பார்.

அவர் இறந்த பிறகு காஸெட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஆடாஸிட்டி என்ற மென்பொருள். 2000லிருந்து இலவசமாகக் கிடைப்பது. ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போதே கண்ட்ரோலையும் எம்மையும் சேர்த்து அழுத்தினால், அலைக்கோட்டுக்குக் கீழே அந்த இடத்தில் ஒரு குறி விழுகிறது. அதில் பெயர் எழுதலாம். பிறகு குறிக்குக் குறி தாவலாம். குறிகளை மட்டும் தனியே எழுத்துக் கோப்பாக எடுத்தால், விநாடிக் கணக்கு ஆறு தசம ஸ்தானத்தோடு வரும். பாங்க் குமாஸ்தாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

முப்பத்தொரு குறிகள் போட்டேன். ‘படிமம்’, ‘யாப்பை விட்டது’, ‘மொழிபெயர்ப்பு பற்றிக் கோபம்’, இப்படி. அதன் பிறகு அந்த ஒரு மணி நேரத்தை நான் முழுதாகக் கேட்டதே இல்லை. கட்டுரைக்கு வேண்டியபோது தாவுவேன், எடுத்துக்கொள்வேன். நம்மில் பலர் புத்தகம் படிப்பதும் இப்படித்தான் என்பது என் சந்தேகம். பென்சில் கோடு போட்ட வரிகளே புத்தகம் ஆகிவிடுகின்றன.

சென்ற மாதம், ஆரம்பத்தில் வெறும் இரைச்சலாக இருந்த நாற்பது விநாடிகளை வெட்டி எறிந்தேன். ஒலியோடு குறிகளும் சேர்ந்து நகர வேண்டுமானால் அதற்கென்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. அதை நான் போட்டிருக்கவில்லை. ஒலி முன்னால் நகர்ந்துவிட்டது, குறிகள் நின்ற இடத்திலேயே நின்றன. ‘படிமம்’ என்ற இடத்துக்குத் தாவினால், “தம்பி, காப்பி ஆறிடப்போகுது” என்று அவர் மனைவியின் குரல். ஒவ்வொரு குறியும் தன் இடத்துக்கு நாற்பது விநாடி பிந்தியதைச் சொல்லிற்று. எதுவும் நான் கேட்ட ஞாபகம் இல்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. குறிக்குப் பெயர் எழுதும்போது ஒலி நிற்பதில்லை. எனக்குத் தமிழ்த் தட்டச்சு மெதுவாகத்தான் வரும். எழுதிய நேரமெல்லாம் அவர் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

1124வது விநாடியில் ‘சொல் சிக்கனம்’ என்றொரு குறி. தாவினேன். “கவிதை உனக்கு வரலைப்பா. எழுதிப் பாத்தாச்சு, போதும். ஆனா உனக்குப் படிக்கத் தெரியுது, அதை விட்டுடாதே.” அதன்பின் என் குரல், பத்தொன்பது வயசுக் குரல், “சரிங்க ஐயா” என்கிறது.

கவிதையை நானாக விட்டேன் என்று இந்த வட்டத்தில் பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு முன்னுரையில் எழுதியும் இருக்கிறேன். பொய் சொல்லும் உத்தேசம் இல்லை. 2006ல் நேரில் ஒரு தரம், காஸெட்டை ஏற்றியபோது ஒரு தரம், ஆக இரண்டு தரம் அது என் காதில் விழுந்திருக்கிறது.

ஆரம்பத்தில் நாற்பது விநாடி மௌனத்தைச் சேர்த்தேன். குறிகள் பழையபடி பொருந்திவிட்டன. 1164ல் புதிதாக ஒன்று போட்டேன். பெயர் எழுத வரவில்லை. பெயர் இல்லாமலும் மென்பொருள் ஏற்றுக்கொள்கிறது. எழுத்துக் கோப்பில் அந்த வரியில் எண்கள் மட்டும் இருக்கின்றன.