ஜப்பான் காருக்குள் தமிழ் வானொலி

எங்கள் பகுதியில் கணவனை இழந்த பெண்ணுக்கு உதவி என்று வந்தால் அது பெரும்பாலும் தையல் இயந்திரமாகத்தான் இருக்கும். அது இல்லாவிட்டால் கோழிக்குஞ்சு. யுத்த காலத்திலும் 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின்னரும் அப்படித்தான் கொடுத்தார்கள். எங்கள் ஒழுங்கையில் மட்டும் ஏழு தையல் இயந்திரங்கள் இருக்கின்றன. ஏழு பேரும் தைத்தால் யார் தைக்கக் கொடுப்பது? எனக்கும் ஒன்று கிடைத்தது. அந்த நன்றியை நான் மறக்கவில்லை. ஆனால் என் வீட்டில் அடுப்பு எரிவது வேறு ஒரு தொழிலால். ஜப்பானில் இருந்து வந்த கார்களிலும் வான்களிலும் நம் நாட்டு வானொலி கேட்கும்படி ஒரு சிறிய பெட்டியைப் பூட்டிக் கொடுக்கிறேன்.

வாப்பா கல்முனை பஸாரில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர். பாடசாலை விட்டதும் நான் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோய், அங்கேயே இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். பத்து வயதில் எனக்கு ஈயம் வைக்கத் தெரியும். 1990 இல் வெளியூருக்குச் சாமான் எடுக்கப் போன வாப்பா திரும்பி வரவில்லை. ஜனாஸாவும் கிடைக்கவில்லை. உம்மா ஒவ்வொரு இரவும் பிபிசி தமிழோசையைப் போட்டுவிட்டுக் காதோடு வைத்துக்கொண்டிருப்பா. பெயர் எதையாவது சொல்வார்களா என்று காத்திருப்பா. அந்த ரேடியோ பழுதாகும்போதெல்லாம் வாப்பாவின் ஆயுதப் பெட்டியைத் திறந்து நான்தான் திருத்தினேன். அது ஊமையாகிவிடக் கூடாது என்பதுதான் அப்போது எங்கள் வீட்டின் பெரிய கவலை.

2013 இல் என் கணவர் மாரடைப்பால் மௌத்தானார். நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருந்து எழும்பியபோது கையில் மூன்று பிள்ளைகளும் கொஞ்சம் கடனும் இருந்தன. தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் வாகன மின்வேலை படிக்கக் கேட்டேன். "அது பெடியன்மாருக்கு, உங்களுக்குக் கேக் ஐசிங் இருக்கு" என்றார்கள். தம்பி கொழும்புக்கு வான் ஓடுபவன். ஜப்பானில் இருந்து வந்த அந்த வானின் ரேடியோவில் வெறும் இரைச்சல்தான் கேட்டது. "ராத்தா, இதை ஒருக்காப் பாருங்க" என்றான். தொழில் அங்கே தொடங்கியது.

ஏன் அந்த ரேடியோக்களில் நம் நிலையங்கள் கேட்பதில்லை? நம் நாட்டில் எப்.எம். ஒலிபரப்பு 88 முதல் 108 மெகாஹேர்ட்ஸ் வரை நடக்கிறது. ஜப்பானில் அது 76 முதல் 90 வரை. அங்கே 90 முதல் 108 வரையான இடத்தைப் பழைய தொலைக்காட்சியின் முதல் மூன்று சனல்கள் பிடித்திருந்தன. அந்தத் தொலைக்காட்சி முறை 2011 ஜூலை 24 இல் நிறுத்தப்பட்டது. அவ்வருடம் மார்ச்சில் பூமியதிர்ச்சியும் சுனாமியும் அழித்த இவாத்தே, மியாகி, புகுஷிமா ஆகிய மூன்று மாகாணங்களுக்கு மட்டும் 2012 மார்ச் 31 வரை தவணை கொடுத்தார்கள். பிறகு 2014 இல் இருந்து எப்.எம். எல்லையை 95 வரை நீட்டினார்கள். அனர்த்த வேளையிலும் மக்களுக்கு வானொலி தடையின்றிக் கேட்க வேண்டும் என்பது அதற்கு ஒரு காரணம். சுனாமி கண்ட எங்களுக்கு அது நன்றாக விளங்கும்.

நான் பூட்டும் பெட்டி தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரியது. அன்டெனாவில் இருந்து வரும் அலையை ஒரு குறிப்பிட்ட அளவு கீழே இறக்கி ரேடியோவுக்குக் கொடுப்பதுதான் அதன் வேலை. 12 இறக்கும் பெட்டி என்றால் 100 இல் உள்ள நிலையம் ரேடியோவில் 88 இல் கேட்கும். ஆனால் 105 இல் உள்ளது 93 க்குத்தான் வரும். பழைய ஜப்பான் ரேடியோ 90 ஓடு நின்றுவிடும். அதற்கு 15 இறக்கும் பெட்டி வேண்டும். ஆகவே எந்தப் பெட்டி என்று முடிவெடுக்கு முன், "நீங்கள் என்ன கேட்பீர்கள்? தென்றலா, சூரியனா, சக்தியா?" என்று கேட்டு, அவை இந்தப் பக்கம் எந்த எண்ணில் வருகின்றன என்று என் சிறிய ரேடியோவில் பார்த்துக்கொள்வேன்.

பற்றரியை நான் கழற்றுவதில்லை. சில ஜப்பான் செட்டுகள் பற்றரியைக் கழற்றினால் நினைவை இழந்து, வரைபட எஸ்டி கார்டையும் இரகசிய எண்ணையும் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். முதலில் டாஷ்போர்ட்டின் முன் சட்டத்தைப் பிளாஸ்டிக் நெம்பியால் மெதுவாக எடுப்பேன். வெயிலில் காய்ந்த கிளிப்புகள் அவசரப்பட்டால் உடையும். செட்டை வயரோடு முன்னால் இழுத்து, மல்டிமீற்றரை வைத்து, திறப்பைத் திருப்பினால் 12 வோல்ட் வந்து, நிறுத்தினால் இல்லாமல் போகும் வயரைத் தேடுவேன். பெட்டியின் சிவப்பு வயர் அதில்தான் சேர வேண்டும். எப்போதும் மின் உள்ள வயரில் கொடுத்தால் நிறுத்தி வைத்த கார் பற்றரியைத் தின்னும். வயரைக் கண்டதும் திறப்பை எடுத்து, அந்த வழியின் பியூஸைக் கழற்றிவிட்டு, ஈயம் வைத்துச் சுற்றுவேன். கறுப்பு வயர் காரின் இரும்போடு. அன்டெனா வயர் பெட்டிக்குள், பெட்டியின் வயர் ரேடியோவுக்குள். பியூஸைத் திரும்பப் போட்டு, பாட்டுக் கேட்ட பிறகே சட்டத்தை மூடுவேன்.

மஞ்சள் உறை போட்ட வயர்கள் எயார்பேக்கினுடையவை. ஹைபிரிட் கார்களில் செம்மஞ்சள் நிறத்தில் தடித்த வயர்கள் உயர் அழுத்த மின்சாரம் கொண்டவை. இரண்டையும் தொடக் கூடாது. இந்த வேலை பழக விரும்பும் சகோதரிகள் இதை முதல் பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கதை பேசியவர்கள் இருந்தார்கள். "ஆம்புளைகள்ர காருக்குள்ள இவளுக்கு என்ன வேலை?" என்றார்கள். எங்கள் ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுடையது. என் வளவில், கேற்றைத் திறந்து வைத்து, உம்மாவைத் திண்ணையில் இருத்தி, பர்தாவோடு வேலை செய்கிறேன். கார்ச் சொந்தக்காரர் வெளியே கதிரையில் இருப்பார். ஒளிவு மறைவு இல்லாத இடத்தில் கதையும் நீளவில்லை.

கூலியில்தான் உண்மையான போராட்டம் வந்தது. ஒருவர் பாட்டுக் கேட்டுப் பார்த்துச் சந்தோசப்பட்டுவிட்டு, பேசியதில் பாதியை நீட்டினார். "வீட்ல இருந்து செய்யிற வேலைதானே, கடை வாடகையா குடுக்கீங்க?" என்றார். நான் காசை வாங்கவில்லை. "காக்கா, பஸார்ல இதே வேலைக்கு என்ன குடுப்பீங்களோ அதைத் தாங்க" என்றேன். உம்மா திண்ணையில் இருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தா. முழுவதையும் கொடுத்தார். அடுத்த நாள் கூலி விபரத்தைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். இன்றும் அது இருக்கிறது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 தொடக்கத்தில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து வருடமும் ஆட்கள் இருப்பதையே திருத்தி ஓடினார்கள். வேலை கூடியது. பாண்டிருப்பில் இருந்து ஒரு அக்கா வந்து என்னோடு சேர்ந்தா. அவவின் கணவரும் 1990 இல் கூட்டிக்கொண்டு போகப்பட்டவர்தான். திரும்பவில்லை. எங்கள் இரண்டு ஊர்களுக்கும் இடையில் நடந்தவற்றை நாங்கள் இருவரும் பேசாமல் இல்லை. வேலையில் கை ஓடும்போது பேசுவோம். தமிழோசையைத் தானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்ததாக ஒரு நாள் சொன்னா. இப்போது பின்பக்கக் கமரா பூட்டும் வேலை முழுவதும் அவவுடையது. என்னை விடத் துப்புரவாக வயரை மறைப்பா.

உதவி செய்ய வரும் நிறுவனங்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். இயந்திரத்தை இறக்குவதற்கு முன், "உங்களுக்கு ஏற்கனவே என்ன தெரியும்?" என்று அந்தப் பெண்ணிடம் கேளுங்கள். ஒருவருக்குத் தறி தெரியும். ஒருவருக்கு மோட்டார் பம்பு திருத்தத் தெரியும். ஒருவருக்குக் கணக்கெழுதத் தெரியும். என்னிடம் அன்று யாராவது கேட்டிருந்தால் நான் ஒரு மல்டிமீற்றரும் நல்ல ஈயக் கோலும்தான் கேட்டிருப்பேன். தையல் இயந்திரத்தின் விலையில் அவற்றை வாங்கி, மீதியும் இருந்திருக்கும்.