மொறிஸ் மைனரின் கை

பழைய மொறிஸ் மைனரில் எனக்குப் பிடித்த உறுப்பு எஞ்சினும் அல்ல, அந்த உருண்ட முகமும் அல்ல. கதவுக்குப் பின்னால் தூணுக்குள் படுத்திருக்கும், திரும்பும் பக்கம் காட்டும் செம்மஞ்சள் கைதான். சுவிட்சைத் திருப்பினால் ‘டக்’ என்று எழுந்து நிற்கும். உள்ளே குட்டி பல்பு ஒன்று எரியும். சில வேளை எழாது. ஓட்டுபவர் தூணில் ஒரு குத்து விடுவார். கார் திரும்பி முடிந்தும் இறங்க மனமில்லாமல் நின்றால் இன்னொரு குத்து.

1961இல் கம்பனியே அதை எடுத்துவிட்டு மினுங்கும் விளக்குகளைப் போட்டது. நியாயம்தான், பின்னால் வரும் லொறிக்காரன் தூணையா பார்த்துக்கொண்டிருப்பான்? இன்று கையையும் விடாமல் விளக்கையும் சேர்த்துக்கொள்பவர்கள் உண்டு. கை அழகுக்கு, விளக்கு உயிருக்கு.

நண்பர் ஒருவர் ஐம்பதுகளின் மைனர் ஒன்றைக் கழற்றிப் போட்டுவிட்டு, இருந்தபடியே பூட்டுவதா, பிறேக்கை மாற்றிச் சீட் பெல்ட்டும் போடுவதா என்று நித்திரை கெடுகிறார். இருந்தபடி என்றால் எப்போது இருந்தபடி? இதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸே, ஒடுக்கமாய் இருக்கிறதென்று மாதிரிக் காரை நடுவால் அறுத்து நாலு அங்குலம் அகட்டியவர். பொனற்றின் நடுவில் ஓடும் தட்டைப் பட்டி அந்த ஒட்டுத்தான். 1948இல் லண்டன் கண்காட்சிக்கு வந்தபோதே அது திருத்திய கார்.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களிடம் இந்தக் கவலையைச் சொன்னால் சிரிப்பார்கள். பெற்றோல் இல்லை. ஒஸ்ரினும் மொறிஸும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெய்க்குப் பற்றாது. சின்னப் போத்தலில் சேமித்த பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மாற்றுவார்கள். ஒழுங்கை முழுக்கப் புகை. எங்கள் அயலில் ஒரு பெரியவர் அந்தப் போத்தலைச் சாமியறையில் வைத்திருந்தார், குத்துவிளக்குக்குப் பக்கத்தில்! “உதை வெளியிலை வையுங்கோ, வீடு பத்தப்போகுது” என்று மனைவி கத்துவது வேலி தாண்டிக் கேட்கும். “வெளியிலை வைச்சால் ஆரும் கொண்டுபோயிடுவாங்கள்” என்பார் அவர். இருவருக்கும் பாதுகாப்புத்தான் கவலை. எதிலிருந்து என்பதில்தான் சண்டை. அந்தக் காரில் பிள்ளைப்பேற்றுக்கும் போனார்கள், கலியாணத்துக்கும் போனார்கள். அதன் அசல் குணம் கெட்டுவிட்டதென்று ஒருவரும் அழவில்லை.

நண்பரின் கணக்கில் முதலில் வரவேண்டியது பிறேக். மைனரின் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுபவரின் காலடித் தகட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. எண்ணெய் பார்க்க விரிப்பைக் கிளப்ப வேண்டும். நாலு சில்லுக்கும் ஒரே வழி எண்ணெய். எங்காவது ஒரு குழாய் வெடித்தால் கைப்பிறேக்கும் கடவுளும்தான் மிச்சம். அதை இரட்டை வழியாக்கினால் வெளியே ஒரு குருவிக்கும் தெரியாது. இதற்கு நித்திரை கெடுவானேன்? டிஸ்க் பிறேக்கில்தான் எனக்குத் தயக்கம். நன்றாக நிற்கும் காரை மனிதன் வேகமாக ஓட்டுவான். மடங்காத ஸ்டியரிங் தண்டு அவன் நெஞ்சுக்கு நேரே அப்படியே இருக்கும்.

பெல்ட் போடட்டும். ஆனால் அவருடையது இரண்டு கதவு வண்டி. பின்னுக்கு ஏறுபவருக்கு வழிவிட முன்சீட் முழுதாய்க் கவிழும், பிடித்துவைக்க ஒன்றுமில்லை. மோதினால் பெல்ட்டில் ஆள், ஆளின் முதுகில் சீட். “முதல்லை சீட்டுக்கு ஒரு கொளுக்கி போடுங்கோ” என்றேன்.

“அது கம்பனி குடுக்கேல்லையே” என்றார்.