ஜரிகையும் ஒலிபெருக்கியும்

பட்டு நெய்யும் ஊரிலிருந்து ஒரு கட்டுரை வருகிறதென்றால், அது தறியைப் பற்றியோ சாயத்தைப் பற்றியோ இருக்கும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். நாம் எழுதப் புகுந்திருப்பதோ பழைய ஒலிபெருக்கிகளைப் பற்றி. கண்ணமங்கலத்தை மறந்துவிட்டோம் என்று ஊர்ப் பெரியவர்கள் குறைபட வேண்டா. சற்றே சுற்றிக்கொண்டு நெசவுக்கே வந்து சேருவோம்.

வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில், ஆரணி வட்டத்தில் அமைந்தது நம் ஊர். தறியோசைக்கு அடுத்தபடியாக இவ்வூர்க் காதுகளுக்குப் பழகிய ஓசை மைக்செட்டின் ஓசை. திருமணம், கோயில் திருவிழா, மீலாது விழா, கட்சிக் கூட்டம், எதுவாயினும் வண்டியிலிருந்து முதலில் இறங்குவன இரண்டு அலுமினியக் குழாய்களாகவே இருந்தன. மூங்கில் கம்பத்திலோ புளிய மரக் கிளையிலோ கட்டப்பட்ட அக்குழாய்களின் வழியாகத்தான் நாகூர் ஹனிபாவின் குரல் சமய வேறுபாடின்றி எல்லார் வீட்டுக்குள்ளும் நுழைந்தது. 1925இல் பிறந்து 2015இல் மறைந்த அப்பெருமகனாரின் உச்சக்குரல் குழாய்க்கென்றே வாய்த்தது போன்றது எனலாம்.

அக்குழாய்களை இன்று தேடித்தான் காண வேண்டும். 2000ஆம் ஆண்டில் நடுவணரசு ஒலி மாசு விதிகளை வகுத்தது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்னும் வரையறை ஏற்பட்டது. இரவு பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்றாயிற்று. கூம்பு வடிவ ஒலிபெருக்கிகளைக் காவல் துறையினர் பறிமுதல் செய்த செய்திகளை நாளேடுகளில் படித்திருக்கிறோம். இதில் நமக்கு வருத்தமில்லை. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையின் சன்னலுக்கு நேராகக் குழாயைத் திருப்பிவைத்த காலம் போனது நன்றே. வருத்தம் வேறிடத்தில் உள்ளது. குழாய்களோடு சேர்ந்து, வால்வு ரேடியோக்களில் இருந்த ஸ்பீக்கர்களும் பழைய திரையரங்குகளின் பெரிய ஸ்பீக்கர்களும் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போயின. அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் வேறு பிழைப்புத் தேடிச் சென்றனர்.

நம் ஊரில் நாற்பதாண்டுகள் மைக்செட் நடத்திய பெரியவர் ஒருவர் உண்டு. சிறியோர் பெரியோர் அனைவருக்கும் அவர் ‘பாய்’தான். தொழிலை விட்டபோது, கடைப் பரணில் கிடந்த பதினொரு ஸ்பீக்கர்களை எடைக்குப் போடாமல் நம்மிடம் ஒப்படைத்தார். “தம்பி, இதெல்லாம் செத்துப் போகலே. காயில் போயிருக்கும், இல்லேன்னா தாள் கிழிஞ்சிருக்கும். பிரிச்சுப் பாக்கிற மாதிரி செஞ்ச பொருளு இது” என்றார். அந்தக் கடைசிச் சொற்களே நம்மை இவ்வேலையில் இழுத்துவிட்டன.

ஒலிபெருக்கியின் வரலாறு நூறாண்டுக்குச் சற்றே மேற்பட்டது. அமெரிக்காவில் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதம் என்னும் இருவர், காந்தத்தின் இடைவெளியில் கம்பிச்சுருளை அசையவிட்டு ஒலியைப் பெருக்கும் கருவியை 1915இல் மக்கள் முன் இயக்கிக் காட்டினர். 1919இல் சான் டியேகோ நகரில் அதிபர் உட்ரோ வில்சன் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேருக்கு முன் அக்கருவியின் துணையால் பேசினார். 1925இல் செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் ஆகியோர், குழாயே வேண்டாத காகிதக் கூம்பு ஒலிபெருக்கியை அறிஞர்களுக்கு விளக்கினர். இன்று வீட்டுத் தொலைக்காட்சிக்குள் இருப்பதும் அடிப்படையில் அதுவே. நம் நாட்டில் 1930களில் காங்கிரசு மாநாடுகளுக்கு ஒலிபெருக்கி அமைத்துத் தந்தது மோட்வானி குடும்பத்தாரின் ‘சிகாகோ ரேடியோ’ நிறுவனம். சிகாகோ என்பது பெயரில் மட்டுமே! காந்தியடிகளும் நேருவும் பேசும் பழைய படங்களில் ஒலிவாங்கியின் மேல் அப்பெயரைக் காணலாம். 1942இல் உஷா மேத்தா நடத்திய தலைமறைவு வானொலி தொடர்பான வழக்கில் நானிக் மோட்வானியும் குற்றஞ்சாட்டப்பட்டார் என்பதை நம் மாணவர்களுள் எத்தனை பேர் அறிவர்?

குழாயின் சிறப்பு அதன் சிக்கனத்தில் உள்ளது. காகிதக் கூம்பு, தனக்குத் தரப்படும் மின்னாற்றலில் நூற்றில் ஒரு பங்கு அளவையே ஒலியாக மாற்றும். குழாயோ நூற்றில் இருபது, முப்பது பங்கு வரை மாற்றவல்லது. சில வாட் ஆற்றலே உடைய வால்வு ஆம்ப்ளிஃபயர்களைக் கொண்டு அன்று பெரிய திரையரங்குகளை நிரப்ப முடிந்தது இதனாற்றான். முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸ் 1931இல் வெளிவந்தது. அக்காலத்தில் உலகெங்கும் திரைக்குப் பின்னால் நின்றவை பெருங்குழாய்களே. ஆனால் மைக்செட்காரரின் சிறு குழாய்க்கு ஒரு குறை உண்டு. தாழ்ந்த ஒலிகளை அது எழுப்பாது. மிருதங்கத்தின் வலந்தலை கேட்கும், தொப்பி கேட்காது. ஆகவே பேச்சும் உச்சக்குரல் பாட்டும் அதில் சிறந்தன. வீட்டுக்குள் அமர்ந்து இசை கேட்க விரும்புவோர்க்கு அது போதாது. பாயின் பதினொன்றில் குழாயின் யூனிட்டுகள் மூன்றை ஒதுக்கிவிட்டு, காகிதக் கூம்பு உடைய எட்டை மட்டுமே நாம் கையில் எடுத்தோம்.

பழைய ஸ்பீக்கரைப் பிரித்துப் பார்த்த நாளை மறக்க இயலாது. இரும்பும் காந்தமுமாகத் தோன்றும் அப்பொருளின் உள்ளே பாதி துணியாக இருந்தது. கம்பிச்சுருளை நடுவில் நிறுத்தும் ‘ஸ்பைடர்’ என்னும் பகுதி, பிசினில் தோய்த்து மடிப்பு மடிப்பாக அழுத்திய துணி. கூம்பின் விளிம்பும் பலவற்றில் துணியே. கீச்சொலிக்கென அமைந்த சிறு ஸ்பீக்கர்கள் சிலவற்றின் குமிழ் பட்டுத் துணியால் ஆனது. பட்டு எடை குறைந்தது. தன் அதிர்வைத் தானே அடக்கிக்கொள்வது. பழைய ரேடியோச் சுருள்களில் செம்புக்கம்பியின் மேல் காப்பாக இருமடிப் பட்டிழை சுற்றியிருப்பதும் உண்டு.

எனினும் நம்மை வியப்பில் ஆழ்த்தியது வேறொன்று. அசையும் கூம்பிலிருந்து அசையாத சட்டத்துக்கு மின்சாரத்தைக் கொண்டுவர இரண்டு மெல்லிய கம்பிகள் தொங்குகின்றன. சாதாரணக் கம்பியாயின் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை வளைந்து சில நாளில் முறிந்துவிடும். ஆகவே நூலிழையின் மேல் செம்புத் தகட்டு நாடாவைச் சுற்றி, அத்தகைய இழைகள் பலவற்றை ஒன்றாகப் பின்னியிருக்கின்றனர். அறுந்துபோன அக்கம்பி ஒன்றை நுனியில் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்த வீட்டில் தறி வைத்திருப்பவர் வந்து எட்டிப் பார்த்தார். “இது ஜரிகையாச்சே!” என்றார்.

உண்மைதான். பட்டிழையின் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசினால் ஜரிகை. நூலின் மேல் செம்பைச் சுற்றினால் ஒலிபெருக்கியின் கம்பி. இரண்டுக்கும் தேவை ஒன்றே. உலோகத்தின் குணமும் வேண்டும், நூலின் வளைவும் வேண்டும். அன்று மாலை, வீட்டிலிருந்த பழைய சேலைகளின் ஜரிகையை மல்டிமீட்டர் கொண்டு சோதித்தோம். பழைய ஜரிகையில் முள் அசைந்தது. இக்காலத்துப் பாலியெஸ்டர் ஜரிகையில் அசையவில்லை. முள் அசைந்தமையால் வெள்ளி என்று துணிய முடியாது. செம்பு ஜரிகையும் மின்சாரத்தைக் கடத்தும். சேலை ஜரிகையை ஸ்பீக்கரில் பொருத்தலாமா என்று கேட்ட மாணவர்க்கு விடை: பொருத்தலாகாது. அது மிக மெல்லியது, ஓடும் மின்சாரத்தைத் தாங்காது. உரிய கம்பியைச் சென்னை ரிச்சி தெருவிலிருந்தே வரவழைத்தோம்.

காயில் சுற்றும் வேலை அவ்வீட்டு அம்மையாரிடம் சென்றது. நாம் கேட்டுச் செல்லவில்லை. நம் கை படும் பாட்டைப் பார்த்து அவரே வாங்கிக்கொண்டார். தறியில் ஒரு பாவு தீர்ந்தால், அதன் இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஆயிரக்கணக்கில் ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்க வேண்டும். அவ்வேலையில் முப்பதாண்டு பழகிய விரல்கள் அவருடையவை. பழைய சுருளைப் பிரிக்கும்போதே சுற்றுகளை எண்ணி எழுதிவைத்தோம். அதே பருமனுள்ள கம்பியைக் காகித உருளையின் மேல், ஒரு சுற்று மற்றொன்றின் மேல் ஏறாமல், இரண்டு அடுக்காகச் சுற்றித் தந்தார். மீட்டரில் ஆறு ஓம் அளவு காட்டினால் அது எட்டு ஓம் ஸ்பீக்கர் எனக் கொள்ளலாம். அவர் சுற்றியவை ஒன்றுக்கொன்று மயிரளவும் மாறாமல் காட்டின.

சுருளைக் காந்தத்தின் நடுவில் நிறுத்துவதே கடினமான வேலை. இருபுறமும் கிடைக்கும் இடைவெளி கால் மில்லிமீட்டர் அளவே. பழைய புகைப்படச் சுருளை நறுக்கி நான்கு பக்கமும் செருகி, பசை உலரும் வரை ஓரிரவு வைத்திருந்து, பின்னர் உருவி எடுப்பது தொழிலாளர் வழக்கம். எடுத்தபின் விரல்களால் கூம்பை மெல்ல அழுத்த வேண்டும். உராய்வு ஓசை எழுந்தால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதுதான். இறுதியில் ஒன்றரை வோல்ட் பேட்டரியைத் தொட்டுப் பார்ப்போம். இணையான இரண்டு ஸ்பீக்கர்களின் கூம்புகளும் ஒரே திசையில் நகர வேண்டும். எதிரெதிராக நகர்ந்தால் தாழொலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும்.

இவற்றை யார் வாங்குகின்றனர் என்று கேட்கலாம். ஜப்பானிலும் கொரியாவிலும், 1920களின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் திரையரங்குக் குழாய்களைத் தேடிச் சேர்க்கும் அன்பர்கள் உள்ளனர். கொச்சியில் ஜேக்கப் ஜார்ஜ் என்னும் கட்டடக் கலைஞர், இங்கிலாந்தின் லௌதர் ஸ்பீக்கர்களை அடிப்படையாகக் கொண்டு தொடங்கி, ‘ரிதம்’ என்னும் பெயரில் ஒலிபெருக்கிகளை உருவாக்கி அயல்நாடுகளில் பெயர் பெற்றார். நம்மிடம் வருவோர் அத்துணைப் பெரியவர்கள் அல்லர். சென்னையிலும் வேலூரிலும் உள்ள இளைஞர்கள் சிலர். தாத்தாவின் மர்பி ரேடியோவைத் திரும்பப் பாடவைக்க விரும்பும் குடும்பங்கள் சில.

அவ்விளைஞர்களிடம் ஒரு நம்பிக்கை வேரூன்றியுள்ளது. அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த ‘அல்னிகோ’ காந்தம் இருந்தால் ஒலி இனிக்கும் என்பர். 1978இல் ஜயர் நாட்டின் ஷாபா மாநிலத்தில் நிகழ்ந்த போரால் கோபால்ட்டின் விலை ஏறியது. உற்பத்தியாளர் பலர் மலிவான ஃபெரைட் காந்தத்துக்கு மாறினர். அதற்கு முந்தியவை எல்லாம் அமுதம், பிந்தியவை எல்லாம் தண்ணீர் என்பது நமக்கு ஒப்புதலில்லை. அடிபட்டுக் காந்தவலிமை இழந்த அல்னிகோக்களும் நம்மிடம் வந்துள்ளன. அவ்வாறே தேக்குப் பலகைப் பெட்டிதான் வேண்டும் என்போரும் உளர். பலகை வெயிலுக்கும் மழைக்கும் வளையும். நல்ல ஒட்டுப்பலகையே இதற்குச் சிறந்தது. பெட்டியின் கொள்ளளவை ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இல் வகுத்து, 1970களில் ரிச்சர்டு ஸ்மால் விரிவாக்கிய கணக்கைக் கொண்டு முடிவு செய்கிறோம். 1950களின் ஸ்பீக்கரைக் கணினியால் அளந்து பெட்டி செய்வதில் தவறொன்றும் இல்லை. அளக்காமல் செய்வதே தவறு.

எட்டு ஸ்பீக்கர்களுள் ஆறு பாடத் தொடங்கின. முதல் இணை விலைபோனபோதுதான் நாம் எண்ணிப் பாராத கேள்வி எழுந்தது. சேலைக்கு இவ்வளவு என்று நெசவில் கூலி உண்டு. காயிலுக்குக் கூலி யாது? சந்தையில் ஆயத்தக் காயில் மிக மலிவாகக் கிடைக்கிறது. அவ்விலையைக் கூலியாகத் தந்தால் அம்மையாரின் ஒரு மணி நேரத்துக்குக்கூடக் காணாது. பழைய அளவுகளுக்கு ஆயத்தக் காயில் கிடைப்பதில்லை என்பதும் உண்மை. அவர் இல்லையேல் அந்த ஸ்பீக்கர் இல்லை. பழுதுபார்க்க நாம் பெறும் தொகையில் சரிபாதி அவருக்கு என்றோம். அவர் உடனே இசையவில்லை. “முகூர்த்த மாசத்துல தறி வேலை இருக்கும். அப்போ காயில்னு வந்து நிக்கக் கூடாது, தம்பி. ஆடியில கொண்டாங்க” என்றார். பள்ளியில் பத்தாம் வகுப்புப் படிக்கும் தம் மகளுக்கும் சுற்றக் கற்றுத்தரப் போவதாகவும், அவளுக்குத் தனிக்கூலி தர வேண்டும் என்றும் சொன்னார். ஒப்புக்கொண்டோம். வேலூரிலிருந்து ஒரு மர்பியும், ஆரணியிலிருந்து மூடிய திரையரங்கு ஒன்றின் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் இரண்டும் வந்து ஆடிக்காகக் காத்திருக்கின்றன.