வியாழக்கிழமை எட்டரை மணி

போன ஆவணியில் எனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். அந்தக் கதையை இரண்டு பதிவுகளாக எழுதி உங்களை ஏற்கெனவே போதுமான அளவு பயமுறுத்திவிட்டேன். அதில் எழுதாமல் விட்ட ஒரு விஷயத்தை மட்டும் இன்று சொல்லிவிடுகிறேன்.

ஸ்டென்ட் வைத்த மறுநாள் வியாழக்கிழமை. இரவு எட்டரை மணி. ஒரு கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. "என் போனைக் கொஞ்சம் கொடேன்" என்று மனைவியிடம் கேட்டேன். மகளிடம் பேசத்தான் கேட்கிறேன் என்று நினைத்து, பாவம், கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தாள். நான் ஒற்றை விரலால் எதையோ தட்டிக்கொண்டே இருக்கவும் எட்டிப் பார்த்தாள். எபிக் கேம்ஸ் ஸ்டோரில் அந்த வாரத்து இலவச விளையாட்டை என் கணக்கில் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, நேத்துதான் நெஞ்சுல அடைப்பு எடுத்தாங்க. மேலயும் ஒரு அடைப்பு இருக்கும்போல. டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது சொல்லவா?" என்றாள்.

சொல்ல வேண்டியதுதான். வியாதி ஆரம்பித்து அப்போது ஐந்து வருடம் ஆகியிருந்தது.

2020 மே மாதம். ஊரடங்கில் எல்லோரும் வீட்டுக்குள். பூனாவிலிருந்து பேரன் வீடியோ காலில் வந்தான். அவனுக்கு அப்போது 13 வயது. மாப்பிள்ளைக்கு மாற்றல் ஆனபோது தூக்கிக்கொண்டு போக முடியாமல் விட்டுப்போன கேம்ஸ் கம்ப்யூட்டர் எங்கள் வீட்டில்தான் துணி போர்த்திக்கொண்டு இருந்தது.

"தாத்தா, ஜிடிஏ 5 ஃப்ரீயா குடுக்குறாங்க. ஒரு வாரம்தான். அம்மா என்னை அக்கவுண்ட் ஆரம்பிக்க விட மாட்டேங்குறாங்க. நீங்க ஆரம்பிச்சு எடுத்து வைங்க, ப்ளீஸ்."

அன்றைக்குக் கூட்டம் தாங்காமல் அந்தக் கடையே மணிக்கணக்கில் படுத்துவிட்டது. நடுராத்திரி வரை உட்கார்ந்து வாங்கிவிட்டேன். அப்புறம்தான் அது என்ன விளையாட்டு என்று விசாரித்தேன். கார் திருடுவது, பேங்க் கொள்ளை! 35 வருடம் பேங்கில் குப்பை கொட்டியவன் பேரனுக்கு வாங்கித் தருகிற சாமானா இது? "டேய், இது பெரியவங்களுக்கு. என்கிட்ட பத்திரமா இருக்கட்டும். உனக்கு 18 முடிஞ்சதும் மொத்த கணக்கையும் உன் பேருக்கு மாத்தித் தர்றேன்" என்று வாக்குக் கொடுத்தேன். இந்த வாக்கைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு ஆரம்பித்தாயிற்று. அடுத்த வியாழனும் ஏதோ இலவசம் என்று மெயில் வந்தது. அதற்கடுத்த வியாழனும் வந்தது. நம் நேரத்துக்கு இரவு எட்டரை, குளிர்காலத்தில் ஒன்பதரை. டிசம்பர் கடைசியில் தினம் ஒன்று. நான் எதையும் விட்டதில்லை.

இதில் என்னைப் பிடித்துக்கொண்டது ரோல் பிளேயிங் கேம்ஸ் என்ற வகை. நம் பாஷையில் சொன்னால் வேஷம் கட்டுவது. நீங்கள் ஒரு பாத்திரம் ஆகிவிடுகிறீர்கள். யாருக்கு உதவலாம், யாரிடம் பொய் சொல்லலாம், வாளா மந்திரமா, எல்லாம் உங்கள் தீர்மானம். கதையும் அதற்கேற்பத் திரும்பும். யூனியன் ஆண்டுவிழா நாடகங்களில் வருடா வருடம் போலீஸ்காரன் வேஷமே கிடைத்துவந்த எனக்கு இது பெரிய பதவி உயர்வு. தள்ளுபடியில் வாங்கிய 'தி விட்சர் 3' எனக்கு முதல் கதை. போலந்து நாட்டு சிடி ப்ராஜெக்ட் 2015இல் வெளியிட்டது. நாயகனுக்குத் தலை முழுக்க வெள்ளை முடி. வளர்ப்பு மகளைத் தேடி ஊர் ஊராக அலைகிறான். எனக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை. தினமும் ஒரு மணி நேரம், நடுவில் கண்புரை ஆபரேஷன், எல்லாம் சேர்த்து முடிக்கப் பதினான்கு மாதம் ஆயிற்று.

ஆனால் விளையாடியதை விட வாங்கியது அதிகம். ஸ்டீம் என்ற கடையில் டிசம்பர் கடைசியில் குளிர்காலத் தள்ளுபடி, ஜூன் கடைசியில் கோடைத் தள்ளுபடி, நடுவில் வசந்தம், இலையுதிர்காலம் என்று வரிசையாக வரும். திருச்சிக்காரனுக்குத் தெரிந்ததெல்லாம் வெயில், அதிக வெயில். நாலு பருவம் இருப்பதே எனக்கு ஸ்டீம் சொல்லித்தான் தெரியும். ரூபாயிலேயே விலை, யுபிஐயிலேயே கட்டலாம். 80 சதவீதம், 85 சதவீதம் என்று பச்சைக் கட்டத்தில் போட்டிருப்பான். கை சும்மா இருக்குமா?

ஆடித் தள்ளுபடியின் நியாயம் நமக்குத் தெரியும். ஆடியில் கல்யாணம் கிடையாது, வியாபாரம் மந்தம், தீபாவளிச் சரக்கு வருவதற்குள் பழைய சரக்கைத் தள்ளியாக வேண்டும். கம்ப்யூட்டர் விளையாட்டில் தள்ள வேண்டிய சரக்கு ஏது? பீரோவில் இடம் அடைக்காது, பூச்சி அரிக்காது. அப்புறம் ஏன் தள்ளுபடி?

இதை எனக்கு நானே பேங்க் முறையில் விளங்கிக்கொண்டேன். செய்ய ஆன செலவு முழுவதும் முதலிலேயே ஆகிவிட்டது. அடுத்த பிரதிக்குச் செலவு கிட்டத்தட்ட இல்லை. முழு விலை கொடுக்கக்கூடியவன் வெளிவந்த அன்றே வாங்கிவிட்டான். பாதி விலைக்கு வருபவன் ஆறு மாதம் காத்திருப்பான். என்னைப் போல நாலில் ஒரு பங்குக்குத்தான் பையைத் திறப்பேன் என்பவன் மூன்று வருடம் காத்திருப்பான். அவனவன் பொறுமைக்கு ஏற்ற விலை.

இலவசத்துக்கும் கணக்கு உண்டு. ஆப்பிள் கம்பெனியோடு நடந்த வழக்கில் எபிக்கின் உள்கணக்கு 2021இல் வெளியே வந்தது. கடை திறந்த முதல் ஒன்பது மாதத்தில் இலவசமாகக் கொடுத்த விளையாட்டுகளுக்காக, அவற்றைச் செய்தவர்களுக்கு எபிக் கொடுத்தது ஒரு கோடியே 16 லட்சம் டாலர். அதில் முதல் இலவசமான 'சப்நாட்டிகா'வுக்கு மட்டும் 14 லட்சம். பதிலுக்கு அவர்களுக்குக் கிடைத்தது லட்சக்கணக்கில் புதுக் கணக்குகள். ஒரு காலத்தில் நாங்கள் கேம்ப் போட்டு, டேபிள் நாற்காலி போட்டு, புதுக் கணக்குப் பிடித்த அதே வேலைதான். நாங்கள் கொடுத்தது காலண்டர். இவர்கள் கொடுப்பது நூறு மணி நேரக் கதை.

நூறு மணி நேரம். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். சர்வீஸ் முழுக்க வாடிக்கையாளர்களிடம் நான் அதிகம் கேட்ட கேள்வி "நாமினி போட்டாச்சா?" என்பதுதான். நம் வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா? டெபாசிட், லாக்கர், இன்ஷூரன்ஸ், கேஸ் கனெக்‌ஷன், பென்ஷன் பேப்பர் எல்லாம் ஒன்றொன்றாக எழுதினேன். கடைசிப் பக்கத்தில் விளையாட்டுக் கணக்குகள். பேரனுக்கு அந்த மாதம்தான் 18 முடிந்திருந்தது. மொத்தம் 341 விளையாட்டுகள். 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' 2023 மே மாதம் இலவசமாக வந்தது, 'டிராகன் ஏஜ்: இன்க்விசிஷன்' 2024 மே மாதம் வந்தது, 'தி அவுட்டர் வேர்ல்ட்ஸ்' 2023 கிறிஸ்துமஸுக்கு வந்தது என்று பக்கம் நிரம்பியது. எண்ணிப் பார்த்தால் ரோல் பிளேயிங் வகை மட்டும் 41. நான் முடித்தது மூன்று.

சும்மா இருக்காமல் கால்குலேட்டரை எடுத்தேன். ஒன்றுக்கு 60 மணி நேரம் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். 41க்கு 2,460 மணி நேரம். கண் டாக்டர் அனுமதித்தது நாளுக்கு ஒரு மணி. ஆக ஒரு நாள் விடாமல் ஆடினால் ஆறேமுக்கால் வருடம். எனக்கு இப்போது 71. இந்தக் கடனுக்கு எந்த மேனேஜர் சாங்ஷன் கொடுப்பார்? நானாக இருந்தால் கொடுக்க மாட்டேன்.

சரி, நான் ஆடாவிட்டால் பேரன் ஆடுவான். சொத்து என்பது அதுதானே? பெயர் மாற்றும் விண்ணப்பம் எங்கே இருக்கிறது என்று தேடினேன். இல்லை. விதிமுறைகளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். ஸ்டீம் ஆகட்டும், எபிக் ஆகட்டும், கணக்கை இன்னொருவருக்கு மாற்ற முடியாது. விற்க முடியாது, கொடுக்க முடியாது, உயிலில் எழுத முடியாது. அதை விடப் பெரிய அடி, நான் வாங்கியது விளையாட்டையே அல்ல, விளையாடும் உரிமத்தை மட்டும்தான். கலிஃபோர்னியாவில் இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2024இல் சட்டம் போட்டார்கள். அந்த வருடம் அக்டோபரிலிருந்து பணம் கட்டும் இடத்திலேயே ஸ்டீம் இதை ஒரு வரியில் போடுகிறது. நான் அதற்கப்புறமும் எத்தனையோ வாங்கியிருக்கிறேன். ஒரு தடவை கூடப் படித்ததில்லை. கஸ்டமர் படிக்காமல் கையெழுத்துப் போட்டால் அவரை உட்காரவைத்துப் பாடம் எடுத்த ஆள் நான்!

கஸ்டமரிடம் "மன்னிக்கணும் சார்" சொல்வது பழக்கம். பேரனிடம் சொல்வது கஷ்டமாக இருந்தது. இரண்டு நாள் தள்ளிப்போட்டு அப்புறம் கூப்பிட்டேன்.

"கண்ணா, அந்த ஜிடிஏ 5... உனக்கு 18 ஆனதும் தர்றேன்னு சொன்னேனே..."

அந்தப் பக்கம் சிரிப்பு. "அதையா? அதை நான் ப்ளஸ் ஒன் படிக்கிறப்பவே ஃப்ரெண்டு வீட்ல முடிச்சிட்டேன் தாத்தா. அம்மாகிட்ட சொல்லாதீங்க."

ஐந்து வருடம் நான் காவல் காத்த பொக்கிஷம்!

"அப்ப மத்த 340?" என்றேன், கொஞ்சம் ரோஷத்தோடு.

"அதுல பாதி என்கிட்டயும் இருக்கு. எல்லாருக்கும்தானே ஃப்ரீயா குடுத்தாங்க?" என்றான். அப்புறம் கொஞ்சம் இடைவெளி விட்டு, "தாத்தா, அவ்வளவு வச்சிருக்கீங்களே, நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஆடுற மாதிரி ஏதாவது இருக்கா?" என்று கேட்டான்.

பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தேன். ஒன்றிரண்டு இருந்தன, எல்லாம் கை வேகம் கேட்கிற துப்பாக்கிச் சண்டைகள். மற்றபடி நான் ஆசை ஆசையாகச் சேர்த்ததெல்லாம் தனியாக உட்கார்ந்து ஆடுவது.

டிசம்பர் தள்ளுபடி வரைக்கும் காத்திருந்தோம். பேரன் சொன்னபடி 'டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2' இரண்டு பிரதி வாங்கினேன், எனக்கொன்று, அவனுக்குப் பரிசாக ஒன்று. இரண்டும் சேர்த்து ஒரு நல்ல வேட்டி விலைக்குள் அடங்கியது. பெல்ஜியம் நாட்டு லேரியன் 2017இல் செய்தது. நாலு பேர் வரை வெவ்வேறு ஊரிலிருந்து சேர்ந்து ஆடலாம். சண்டை முறை வைத்து நடக்கும். என் முறை வந்தால் நான் யோசித்து முடிக்கும் வரை எதிரி மரியாதையாக நிற்பான். 71 வயதுக்காரனுக்கு இதைவிட நாகரிகமான எதிரி கிடைக்க மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி முதல் பதினொன்று வரை. ஹெட்போனில் அவன் குரல். கழுத்தில் வளையம் மாட்டிய கைதிகளாக ஒரு தீவில் கரை ஒதுங்குகிறோம். மிருகங்களோடு பேசும் திறமை ஒன்று உண்டு. நான் முதலில் அதைத்தான் எடுத்தேன், அவன் தலையில் அடித்துக்கொண்டான். இப்போது எலி, நாய் எதைக் கண்டாலும் நின்று குசலம் விசாரிக்கிறேன். அவனோ நான் எண்ணெய்க் குட்டையில் நிற்பதைப் பார்க்காமல் தீயைக் கொளுத்திவிடுகிறான். "ஸாரி தாத்தா, ஸாரி தாத்தா!" ஒரே ஓட்டம். போன வாரம் முழு ஒரு மணி நேரமும் கடற்கரையில் மூன்று முதலைகளிடம் அடி வாங்கியதிலேயே போய்விட்டது. நடுநடுவில் ஹாஸ்டல் சாப்பாடு, ஒரு பேப்பரில் அரியர் விழுந்த கதை எல்லாம் வருகிறது. வீடியோ காலில் "சாப்டியா, நல்லா இருக்கியா" என்பதைத் தாண்டி அவன் என்னிடம் பேசியதில்லை. இந்த வேகத்தில் போனால் கதை முடிய இரண்டு வருடம் ஆகும். ஆகட்டும்.

நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை அடித்துவிட்டேன். வியாழக்கிழமை அலாரத்தையும் எடுத்துவிட்டேன். முதல் இரண்டு வாரம் எட்டரை மணிக்குக் கை அரித்தது உண்மை.

படிப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. பேரப்பிள்ளைகள் கேட்டு ஸ்டீமில் வாங்கினால், வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், பணம் திரும்பக் கேட்கலாம். ரோல் பிளேயிங்கில் வேஷத்துக்கு மூக்கு, மீசை தேர்ந்தெடுக்கவே எனக்கு அந்த இரண்டு மணி போய்விடுகிறது; நீங்கள் ஜாக்கிரதையாக இருங்கள். "இலவச விளையாட்டு, இங்கே தொடவும்" என்று வாட்ஸ்அப்பில் வருவதைத் தொடாதீர்கள். இலவசத்துக்கு கார்டு நம்பர் எதற்கு? ஒரு முறை பதினாறு இலக்கத்தில் பன்னிரண்டு வரை அடித்துவிட்டுத்தான் எனக்கே அது உறைத்தது. முன்னாள் கிளை மேலாளர் என்று வெளியில் சொல்லாதீர்கள்.

நாளைக்கு ஞாயிறு. முதலைகள் காத்திருக்கின்றன. பத்து மணிக்குக் காய்கறி நறுக்கக் கூப்பிடக் கூடாது என்று மனைவியிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிட்டேன். ஒன்பது மணிக்கே நறுக்கி வைத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை.